விலகிய தட்டா, பிதுங்கிய தட்டா?

நாரி நோவு எம்மவர் இல்லங்களுக்குப் புதிய விருந்தினன் அன்று. வயலில் மண்வெட்டி பிடிப்போரையும் கந்தோரில் எழுதுகோல் பிடிப்போரையும் அது வேறுபாடின்றி நாடும். மணிக்கணக்காய் நின்று படிப்பிக்கும் ஆசிரியரும் அதற்கு விலக்கல்லர். நோவு காலுக்கும் இறங்கிவிட்டாலோ, "தட்டு விலகிவிட்டது" என்று கூறிப் பலர் அஞ்சி ஒடுங்குகின்றனர். இத்தொடர் பிழையானது என்பதும், அப்பிழை நோயினும் கூடிய தீங்கு செய்கின்றது என்பதும் எமது கருத்து. மருத்துவம் எமது துறையன்று. எனினும், சொல்லின் பொருளை ஆராய்தல் தமிழாசிரியர் கடனன்றோ?

முள்ளந்தண்டென்புகளுக்கிடையே 23 தட்டுக்கள் உள. ஒவ்வொன்றும் புறத்தே உறுதியான நார்வளையமும் அகத்தே கூழ்போன்ற கருவும் உடையது. மேலும் கீழுமுள்ள என்புகளோடு இறுகப் பிணைக்கப்பட்டிருத்தலின், வண்டிச் சில்லு கழல்வதுபோல அது கழன்று விலகுவதில்லை. நார்வளையம் நலிந்தவிடத்துக் கரு வெளிநோக்கிப் பிதுங்குகின்றது. அது நரம்பு வேரை அழுத்தி அழற்சியை உண்டாக்கும்போதே நோவு பிட்டத்தினின்று காலுக்கு ஓடுகின்றது. நாரியின் அடியிலுள்ள இரண்டு தட்டுக்களிலேயே இது பெரும்பாலும் நிகழும். இத்தொடர்பினை அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்ரர், பார் என்போர் 1934 இல் தெளிவுற எடுத்துக்காட்டினர்.

"விலகல்" என்னும் சொல்லால் விளையும் தீங்குகள் மூன்று. விலகியதை இழுத்து இருத்திவிடலாம் என்றெண்ணி, முரட்டுத்தனமாய் நெரிப்போரிடம் உடம்பை ஒப்படைத்தல் ஒன்று. அசைந்தால் இன்னும் விலகும் என்றஞ்சி மாதக்கணக்கிற் படுக்கையே கதியெனக் கிடத்தல் மற்றொன்று. படத்திற் பிதுக்கம் கண்டமாத்திரத்தே சத்திரசிகிச்சையே வழியென முடிவு செய்தல் மூன்றாவது.

ஆராய்ச்சிகள் கூறுவனவோ வேறு. முதுகு நோவே இல்லாத 98 பேரைக் காந்தப் படம் பிடித்து ஆராய்ந்த முடிவு 1994 இல் வெளிவந்தது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் தட்டுப் புடைப்பும், நூற்றுக்கு 27 பேரிடம் பிதுக்கமும் காணப்பட்டன. ஆகவே, படம் மாத்திரம் நோயாகாது. காலில் ஓடும் நோவுக்கு இரு வாரப் படுக்கை ஓய்வு தனிப்பயன் எதனையும் தரவில்லை என்பதை 1999 இல் ஒல்லாந்து தேயத்து ஆய்வொன்று காட்டிற்று. அந்நாட்டிலேயே 2007 இல் வெளியான பிறிதோர் ஆய்வில், முற்படச் சத்திரசிகிச்சை பெற்றோர் விரைவில் நோவு நீங்கினர். ஆயினும், ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையினராயினர். பிதுங்கிய பகுதி பலரிடத்துத் தானே சுருங்குதலும் உண்டு.

படுத்தால் நோவு தணிகின்றதே எனச் சிலர் வினவலாம். ஓரிரு நாட் கிடத்தல் தவறன்று. அதற்கு மேலும் கிடப்பின் தசை நலியும், மனமும் சோரும். இயன்ற அளவு நடத்தலும், நெடுநேரம் ஓரிருப்பில் இராமையும், சுமையை உடலோடணைத்து முழங்கால் மடித்துத் தூக்குதலும், தூக்கும்போது இடுப்பைத் திருகாமையும், இயன்மருத்துவர் காட்டும் பயிற்சியை நாடோறும் செய்தலுமே நன்மை தருவன. பெரும்பாலார் சில கிழமைகளில் தேறுவர். அங்ஙனம் தேறாது வருந்துவோர்க்குச் சத்திரசிகிச்சை நல்ல துணையே. அதனை யாம் பழித்தோமல்லேம்.

ஒன்றை மாத்திரம் மறத்தலாகாது. சிறுநீர், மலம் ஆகியன கட்டுக்கடங்காமை, சிறுநீர் வெளிவராமை, தொடையிடுக்கில் உணர்வு மரத்தல், கால் வரவர வலுவிழத்தல் என்பவற்றுள் ஒன்று தோன்றினும் ஒருநாளும் தாழ்க்காது வைத்தியசாலையை அடைதல் வேண்டும். ஆண்டுப் பொறுமை காட்டுதல் பேதைமையாகும்.

எமது கல்லூரியிலும் செய்யத்தக்கன உள. பாடத்துக்குப் பாடம் மாணவர் எழுந்து நிற்க ஆசிரியர் இடங்கொடுத்தல் வேண்டும். அசையாதிருத்தலை ஒழுக்கமென மயங்கற்க. வளரும் பிள்ளையின் உயரத்துக்கு ஒவ்வாத வாங்குகளை மாற்றும் பணியைப் பழைய மாணவர் இவ்விழா ஆண்டிலே மேற்கொள்வாராயின், அது கல்லிற் பெயர் பொறித்தலினும் நிலைத்த அறமாகும். வீட்டில் நாரி நோவால் வாடுவோரிடம் இனி "விலகிவிட்டது" என்னாது, "பிதுங்கியுள்ளது, பெரும்பாலும் ஆறும், எழுந்து நடவுங்கள்" என்று சொல்லுவோமாக. சரியான சொல்லும் ஒரு மருந்தே.