உருவ ஓவியமும் தங்கவயலின் விடுபட்ட உடல்களும்

பாலினம், இனம், சாதி ஆகியவற்றை முன்னிறுத்தும் இன்றைய உருவ ஓவியங்கள் கலையல்ல, பரப்புரையே என்பர் சிலர். இக்கூற்று ஏற்புடையதன்று. எவ்வுடலைத் தீட்டுவது என்னும் தேர்விலேயே அரசியல் தொடங்கிவிடுகிறது.

சென்னைக் கடற்கரையில் 1959இல் நிறுவப்பெற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை இதற்குச் சான்று. பாறையைப் பெயர்க்கும் நால்வரும் ஆடவரே. ஆணுடல் உழைப்பின் பொதுவடிவம், பெண்ணுடல் பரப்புரை என்பது எங்ஙனம் நடுநிலையாகும்?

இவ்வினாவைக் கோலார் தங்கவயலில் பொருத்திப் பார்த்தல் தகும். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் வளர்த்தெடுத்து, 2001இல் மூடப்பெற்ற சுரங்கங்கள் அவை. ஆங்கிலேயர் காலத்தில் மேலாண்மை ஐரோப்பியரிடம் இருந்தது. ஆழத்தில் உழைத்தோரில் பெரும்பாலோர் வடார்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தலித் மக்கள். பெண்களைச் சுரங்கத்தடியில் பணியமர்த்துவதை 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் தடுத்தது. எனவே சுரங்கத்தடியை மட்டுமே தீட்டும் ஓவியத்தில் பெண் இடம்பெறாள். சிலிகோசிஸ் நோயுற்ற கணவனைப் பேணிய அவளது உழைப்பும் மறைந்துபோகும்.

சந்திரபூர் நிலக்கரிப் பகுதியைச் சேர்ந்த ஓவியர் பிரபாகர் பாச்புதே, தொழிலாளியின் தலை இருக்கவேண்டிய இடத்தில் விளக்கை வரைந்துள்ளார். வீரவுடலைப் போற்றாது, கருவியாகக் குறுக்கப்பட்ட உடலைக் காட்டும் அவ்வோவியம் பரப்புரையன்று. உருவத்தின்வழி நிகழும் ஆய்வு.

அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்ட சித்தார்த்தா புத்தகசாலை இயங்கிய மண் தங்கவயல். அதன் எழுத்தைத் தேடித் தொகுத்தல் போன்றே அதன் உடல்களைத் தேடுதலும் தமிழாய்வின் கடன். அவற்றைத் தீட்டும் தூரிகையைப் பரப்புரையென ஒதுக்கின், அவ்விடுபடலுக்கு ஆய்வுலகமும் துணைபோனதாகும்.