பத்து வெள்ளியின் பாடம்



முதலில் ஒரு கணக்கு. நூற்றுக்கு மாதம் பத்து வட்டியில் 2,000 வெள்ளி கடன் வாங்கினால், ஓராண்டில் வட்டி மட்டும் 2,400 வெள்ளி. அசல் அப்படியே நிற்கும்! நாட்டின் 1951ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டப்படி, உரிமம் பெற்றவர் அடமானமில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. அந்தக் கணக்கில் வட்டி 360 வெள்ளிதான்.

இது தெரியாமலா மாசாயிலும் ஸ்கூடாயிலும் கூலாயிலும் நம்மவர்கள் வட்டி முதலைகளிடம் போகிறார்கள்? வங்கி சம்பளச் சீட்டு கேட்கிறது. தோசைக் கடை போடும் அக்காவுக்கும் வீட்டில் துணி தைக்கும் அம்மாவுக்கும் அந்தச் சீட்டு ஏது?

இவர்களுக்காகத்தான் சிறுகடன் திட்டங்கள் வந்தன. வங்காளதேசத்தின் கிராமீன் வங்கியைப் பின்பற்றி 1987இல் அமானா இக்தியார் மலேசியா தொடங்கப்பட்டது. அடமானம் வேண்டாம், பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடன் பெற்று, தவணையில் கட்டலாம். ஆனால் நெடுங்காலம் அதில் நம் பெண்கள் மிகக் குறைவு. 2024இல்தான் இந்தியப் பெண்களுக்கென்றே 'பெண்' என்ற பெயரில் 5 கோடி வெள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டது. தெக்குன் வழியாக ஸ்பூமி கடனும் உண்டு.

அறிவிப்பு வந்தால் போதுமா? ஜொகூரில் எந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பங்களுக்குப் பணம் கிடைத்தது என்று அரசாங்கம் பட்டியலை வெளியிட வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் விளக்கும் ஆட்களை அடுக்குமாடி வீடுகளுக்கே அனுப்ப வேண்டும். இங்கேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு நிற்பவர்களுக்கு இந்தக் கதவு திறப்பதே இல்லை. அவர்களின் குடியுரிமைக்கும் தீர்வு வேண்டும். இது சலுகை அல்ல, உரிமை!

நம் பங்கும் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் சீவிய தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் சொத்தானது. வங்கி மதிக்காத கைகள்தாம் அந்தத் தோட்டத்தை வாங்கின!

ஆகவே, தொழிலுக்கு வாங்கும் கடனைக் கல்யாணச் செலவில் கரைக்காதீர்கள். வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் எவரிடமும் அடகு வைக்காதீர்கள். கடனில் சிக்கியவர்கள் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது. உங்கள் புளோக்கில் நான்கு பெண்கள் ஒன்றுகூடி, தொழிலைப் பதிவு செய்து, சேர்ந்தே விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

தனியாகப் போனால் வட்டிக்காரன் வாசல். சேர்ந்து போனால் நமக்கென்று ஒரு வாசல். சிந்திப்போம், செயல்படுவோம்!