மாட்டு உண்ணி வேறு, உண்ணிக் காய்ச்சல் வேறு!

நாய், மாடுகளில் ஒட்டும் உண்ணியை அகற்றுவது அவசியம்தான். ஆனால், 2025 ஜனவரியில் தமிழகப் பொது சுகாதாரத் துறை எச்சரித்த உண்ணிக் காய்ச்சல் (ஸ்கிரப் டைபஸ்) அவற்றால் பரவுவதில்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும், சிலந்திப்பேன் போன்ற நுண்ணிய பூச்சியின் குஞ்சுகளே இதைப் பரப்புகின்றன.

புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்களில் களையெடுப்பவர்கள், மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கடித்தது தெரியாது. சுமார் 10 நாளில் காய்ச்சல், தலைவலி வரும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் தீச்சுட்டதுபோல் கருப்புப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். புண் இல்லாமலும் காய்ச்சல் வரலாம்.

மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி நாள் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம் பாதிக்கும். தோட்ட வேலை செய்வதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் தொடக்கத்திலேயே டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் துவைத்துவிடுங்கள்.