ஒரே புரோகிராம் மொத்த மெமரியையும் விழுங்கினால்? லேப்டாப்புக்கும் வேண்டும் ரேஷன்!

எப்போதும்வென்றானில் வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கும் என் சித்தி மகன் போன மாதம் போன் பண்ணினான். "அண்ணே, மீட்டிங் நடுவுல லேப்டாப் ஹேங் ஆகிடுச்சு. மவுஸ்கூட நகரல. அப்புறம் மீட்டிங் டேப் தானா செத்துப்போச்சு."

பழைய 4 ஜிபி லேப்டாப், லினக்ஸ். பெரிய டேட்டா ஃபைல் ஒன்றை அலசும் பைத்தான் புரோகிராமை ஓடவிட்டுவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறான். ரேம் பத்தவில்லை, புது லேப்டாப் வாங்கணும் என்பது அவன் முடிவு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்மாய் மடையை ஒருத்தர் திறந்து போட்டுவிட்டுத் தூங்கினால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. அதற்காகப் புதுக் கண்மாயா வெட்டுவோம்?

கேட்கிற புரோகிராமுக்கெல்லாம் லினக்ஸ் தாராளமாக மெமரி தருவதாக ஒப்புக்கொள்ளும், கையில் இருப்பதைவிட அதிகமாகவே. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் கெர்னல் யாரையாவது பலி கொடுக்கும். பெரும்பாலும் அதிகம் தின்றவர்தான் மாட்டுவார். ஆனால் குரோம் பிரவுசர் தன் டேப்களை 'முதலில் இதை வெட்டு' என்று தானே குறித்துவைத்திருக்கும். அதனால்தான் தின்ற பைத்தான் தப்பித்தது, மீட்டிங் போனது.

இதற்குப் பலர் சொல்லும் பழைய வைத்தியம் 'யூலிமிட்'. இதன் அடிப்படை 1983-ல் பெர்க்லி யூனிக்ஸில் வந்தது. இன்றைக்கு அது அவ்வளவு உதவாது. பத்து ஏக்கருக்கு வேலி போட்டு ரெண்டு ஏக்கர் மட்டும் உழுகிற ஆள் மாதிரி, இன்றைய பிரவுசர்களும் ஜாவா புரோகிராம்களும் முகவரி இடத்தை ஏராளமாக வளைத்துப்போடும், கொஞ்சம்தான் பயன்படுத்தும். யூலிமிட் எண்ணுவது வேலியை, உழவை அல்ல. தவிர, அது ஒவ்வொரு புராசஸுக்கும் தனித்தனி வரம்பு. இருபது புராசஸ் பிறந்தால் இருபது பங்கு!

உருப்படியான வழி 'சிகுரூப்'. கூகுள் பொறியாளர்கள் 2006-ல் தொடங்கிய வேலை இது. 2008-ல் கெர்னலில் சேர்ந்தது. அதில் மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதியை எழுதியவர்களில் முக்கியமானவர் ஐபிஎம் இந்தியாவில் இருந்த பல்பீர் சிங். நம்ம ஊர்ப் பொறியாளர் செய்த வசதியை நாம்தான் பயன்படுத்துவதில்லை. ஒரு புரோகிராமையும் அது பெற்ற பிள்ளைகளையும் சேர்த்து ஒரே குடும்ப அட்டையில் வைத்து, நிஜமாகத் தின்பதை மட்டும் இது கணக்கிடும். எல்லை தாண்டினால் அந்தக் குடும்பத்துக்குள்தான் வெட்டு விழும்.

செய்வதும் சுலபம். 'சிஸ்டம்டி-ரன்' கட்டளையில் யூசர், ஸ்கோப் ஆப்ஷன்களோடு 'மெமரிமேக்ஸ்' 1500எம் என்று கொடுத்து, பின்னால் உங்கள் வழக்கமான கட்டளையை எழுத வேண்டும், அவ்வளவுதான். 'மெமரிஸ்வாப்மேக்ஸ்' பூஜ்ஜியம் என்பதையும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் மிச்சம் டிஸ்க்குக்கு வழிந்து, மறுபடி அதே ஹேங்.

கணினியே தானாகப் பார்த்துக்கொள்ளக் கூடாதா? 2022-ல் உபுண்டு 22.04 அப்படி ஒரு காவல்காரனை வைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் பிரவுசரை மூடுகிறது என்று புகார்கள்தான் வந்தன. போனில் ஆண்ட்ராய்டும் நம்மைக் கேட்காமலே ஆப்களை மூடுகிறது. எது முக்கியம் என்பது உரிமையாளருக்குத்தான் தெரியும். தமிழக அரசு 2011 முதல் கொடுத்த மாணவர் லேப்டாப்களில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. குறைந்த ரேமோடு வாழும் அந்த மாணவர்களுக்காக, 'இந்த ஆப்புக்கு இவ்வளவுதான்' என்று சொல்லும் ஒரு மெனுவை அதில் சேர்க்கலாம். டெர்மினல் தெரிந்தவனுக்கு மட்டும்தான் ரேஷன் என்பது நியாயமில்லை.

தம்பி 1500எம்பி வரம்பு போட்டு மறுபடி ஓட்டினான். பைத்தான் பாதியில் செத்தது, பிரவுசர் அசையவில்லை. பிறகுதான் கோடைப் பார்த்தான்: முழு ஃபைலையும் ஒரே வாயில் விழுங்கும்படி எழுதியிருக்கிறான். துண்டு துண்டாகப் படிக்கும்படி மாற்றினான், அதே வரம்புக்குள் வேலை முடிந்தது.