செயற்கைக்கோளையே ஏமாற்றும் மாடிக் கட்டிடங்கள்!
சென்னை பாரிமுனையில் சவாரிக்குக் காத்து நிற்பவர் ஒரு தெருவில். செல்போன் காட்டும் புள்ளி அடுத்த தெருவில்! ஆட்டோ டிரைவரோடு வாக்குவாதம். தப்பு இருவர் மீதும் இல்லை.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது 4 கோள்களின் சிக்னல் கிடைத்தால்தான் இடத்தைக் கணக்கிட முடியும். குறுகிய சந்தில் வானமே ஒரு கீற்றுதான். சிக்னல் சுவரில் மோதி, சுற்றிக்கொண்டு தாமதமாக வருகிறது. அந்தத் தாமதத்தையும் தூரம் என்று போன் கணக்குப் போட்டுவிடுகிறது. வெட்டவெளியில் சுமார் 5 மீட்டராக இருக்கும் பிழை, இங்கே பல பத்து மீட்டராகிறது.

சவாரி என்றால் பத்து நிமிஷம் போச்சு. ஆம்புலன்ஸ் என்றால் உயிரே போய்விடலாம்!

2018 முதல் விற்பனைக்கு வந்த இரட்டை அலைவரிசைப் போன்களில் பிழை குறைகிறது, ஒழியவில்லை. அவசரத்துக்கு அழைப்பவர்கள் புள்ளியை மட்டும் நம்பாமல், தெருப் பெயர், கதவு எண், பக்கத்துக் கோயில் எல்லாவற்றையும் வாய் திறந்து சொல்லிவிடுவதே நல்லது.