பாலமாம் பாலம்!

“கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் இசைப்பாலம்.” ஆசியாவில் பிறந்து ஐரோப்பாவில் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிற யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் இந்த வரி முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது. பல வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்து வருகிறேன். 2024இல் பெர்லினில் வாழும் கொரிய இசையமைப்பாளர் உன்சுக் சின்னுக்கு எர்ன்ஸ்ட் ஃபோன் சீமென்ஸ் இசைப் பரிசு அறிவித்தார்கள். இரண்டரை லட்சம் யூரோ. இசைக்கான நோபல் என்றே அதைச் சொல்வதுண்டு. உடனே பாலத்துக்கு இன்னொரு திறப்பு விழா நடத்திவிட்டார்கள்.

அவர் ரத்தத்தில் கொரிய மரபு ஓடுகிறதாம். ரத்தப் பரிசோதனை எந்த லேபில் எடுத்தார்களோ தெரியவில்லை. 1961இல் சியோலில் பிறந்த சின்னின் அப்பா பிரஸ்பிடேரியன் சபைப் போதகர். வீட்டில் வசதி கிடையாது. பியானோவைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டு, சபையில் கீர்த்தனைகளுக்கும் கல்யாணங்களுக்கும் வாசித்த பெண். ஸ்கோர் வாங்கக் காசில்லாததால் சைகோவ்ஸ்கியின் சிம்பொனியைக் கையாலேயே நகலெடுத்தார். ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோரின் ஒரு பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மேலே புல்லாங்குழல், கீழே டபுள் பேஸ், நடுவில் ஹார்ன், டிரம்பெட், டிம்பனி என்று வரிவரியாக இறங்கும். எழுதி முடித்தால் சில விநாடி இசை. அப்படிப் பக்கம் பக்கமாக எழுதிய விரல்களில் என்ன ஓடியது என்று கேட்டால், ரத்தக்காரர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

அடுத்தது, ஜெர்மனிக்குப் போய்ச் சொந்த மண்ணின் வாசனையை மேற்கோடு கலந்தார் என்பது. இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. 1985இல் காடியாமஸ் இசைப் பரிசோடு ஹாம்பர்க்கில் இசையமைப்பாளர் கியார்கி லிகெட்டியிடம் படிக்கப் போய் நின்றார். கொண்டுபோன படைப்புகளில் சொந்தக் குரல் இல்லை, தூக்கிப் போடு என்றார் லிகெட்டி. அவர் போடச் சொன்னது கொரிய மெட்டுகளை அல்ல. ஐரோப்பிய அவாங்-கார்டைப் பார்த்து எழுதியவற்றை. கிட்டத்தட்ட மூன்று வருடம் சின்னால் எழுத முடியவில்லை. 1988இல் பெர்லின் போய், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மின்னணு இசைக்கூடத்தில் ஒலிகளைப் பிரித்தும் சேர்த்தும் பார்த்துத்தான் மீண்டும் எழுந்தார். பெயர் வாங்கித் தந்த ‘அக்ரோஸ்டிகான் வோர்ட்ஷ்பீல்’ எதை வைத்து எழுதியது? லூயிஸ் கரோல், மிக்கேல் எண்டே ஆகியோரின் குழந்தைக் கதைகளை எழுத்தெழுத்தாக உடைத்து, தலைகீழாகப் புரட்டி ஒரு சோப்ரானோ பாடுவார். பொருள் போய்விடும், ஒலி மட்டும் நிற்கும். இதில் எந்த மண்ணின் வாசனை? கரோல் மீதான பித்து அத்தோடு தீரவில்லை. 2007இல் ம்யூனிக்கில் ‘ஆலிஸ்’ ஆபராவாகவே வந்தது.

இன்னொன்றும் கேட்கிறேன். லிகெட்டி திரான்சில்வேனியாவில் பிறந்த யூதர், 1956இல் ஹங்கேரியை விட்டுத் தப்பி வந்தவர். சின் அவரிடம் சேர்ந்த அதே காலத்தில் மத்திய ஆப்பிரிக்கத் தாளங்களில் மூழ்கி, பியானோ எத்யூடுகளில் அந்தப் பாடத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்காவையும் ஐரோப்பாவையும் இணைத்த பாலம் என்று அவரை யாரும் மாலை போட்டு நிறுத்தியதில்லை. அவர் மேதை. வெள்ளைக்காரர் கடல் தாண்டி எடுத்தால் தேடல். கொரியப் பெண் எதை எழுதினாலும் பூர்வீகம். வயலின் கான்செர்ட்டோவுக்கு 2004இல் கிராமயர் விருது வந்தபோதும் கதை இதுதான்.

வாத்தியமே சாட்சி என்பார்கள். அவருடைய ‘ஷு’ கான்செர்ட்டோவில் ஷெங் வருகிறதே! வருகிறது. மூச்சை உள்ளே இழுத்தாலும் வெளியே விட்டாலும் ஒலிக்கும் அந்தக் குழல் வாத்தியம் சீனத்து ஷெங். அதை வாசித்த வூ வெய், சின்னைப் போலவே பெர்லின்வாசி. 2009இல் முதலில் அரங்கேறிய இடம் டோக்கியோ. சீனா, கொரியா, ஜப்பான் எல்லாம் ஒரே ஊர் என்று நினைப்பவர்களுக்கு இது வலுவான ஆதாரம்தான். அவருடைய இன்னொரு படைப்பான ‘குகலோன்’ இருக்கிறதே என்றால், அது சிறுவயதில் பார்த்த தெருக்கூத்தின் நினைவு; அந்த இசையின் நகல் அல்ல என்று அவரே எழுதிவிட்டார்.

சின், கொரிய இசையமைப்பாளர் யுன் இசாங்கின் வாரிசு என்பது அடுத்த அஸ்திரம். யுன் கொரிய அரசவை இசையை உண்மையிலேயே தன் எழுத்துக்குள் கொண்டுவந்தவர், மறுக்கவில்லை. ஆனால் அவரைப் பாலம் என்கிறவர்கள் 1967ஐ ஏன் விட்டுவிடுகிறார்கள்? அந்த வருடம் தென்கொரிய உளவுத் துறை அவரை மேற்கு பெர்லினிலிருந்து சியோலுக்குக் கடத்திக்கொண்டு போனது. சித்திரவதை, ஆயுள் தண்டனை. சிறைக்குள்ளேயே ஒரு ஆபராவை எழுதி முடித்தார். ஸ்ட்ராவின்ஸ்கி, கராயன் உட்பட ஏராளமான கலைஞர்கள் கையெழுத்திட்டுக் கேட்ட பிறகு 1969இல் வெளியே விட்டார்கள். கிழக்கும் மேற்கும் கைகுலுக்கிய காட்சி இதுதானோ?

சின் தன் நாட்டை உலகுக்குக் கொண்டுபோனார் என்பதும் தலைகீழ். 2006இலிருந்து 2018 வரை சியோல் ஃபில்ஹார்மோனிக்கில் ‘அர்ஸ் நோவா’ என்ற நவீன இசைத் தொடரை நடத்தி, உலகத்தைத்தான் சியோலுக்குக் கொண்டுபோனார். 2025 மே மாதம் ஹாம்பர்க்கில் அவருடைய இரண்டாவது ஆபரா அரங்கேறியது. இயற்பியலாளர் பௌலிக்கும் உளவியலாளர் யுங்குக்கும் இருந்த உறவிலிருந்து முளைத்த கதை. ஒருவர் ஆஸ்திரியாவில் பிறந்தவர், மற்றவர் சுவிட்சர்லாந்துக்காரர். பாடுவது ஜெர்மனில். இதில் கொரியாவைக் கண்டுபிடிக்க யாராவது இந்நேரம் கிளம்பியிருப்பார்கள்.