துப்பாக்கிச் சூட்டைத் தொடரும் வதந்திகள்: எல்லைத் தோட்டங்களுக்குத் தமிழில் யார் சொல்வது?

சாந்தன்பாறை: இடுக்கி மாவட்டம் உடும்பன்சோலை வட்டத்திலுள்ள சாந்தன்பாறை, பூப்பாறை சுற்றுவட்டார ஏலத் தோட்டங்களில் பணிபுரிவோரில் கணிசமானோர் தமிழர்கள். தலைமுறை தலைமுறையாக லயங்களில் குடியிருப்போர் ஒருபுறம் என்றால், தேனி மாவட்டத்தின் போடி பகுதியிலிருந்து நாள்தோறும் ஜீப்புகளில் போடிமெட்டு வழியாக மலையேறி மாலையில் ஊர் திரும்புவோர் மறுபுறம். நாட்டின் ஏதோ ஓரிடத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து பலர் உயிரிழக்கும்போது, அதுபற்றிய தகவல் இவர்களை மலையாளத் தொலைக்காட்சி, தமிழ்த் தொலைக்காட்சி, வாட்ஸ்அப் பகிர்வு என மூன்று வழிகளில் வந்தடைகிறது. மூன்றும் மூன்று விதமாகச் சொல்லும் நேரத்தில் எதை நம்புவது என்பது இம்மக்களுக்குப் பொழுதுபோக்கான கேள்வி அல்ல. மறுநாள் வேலைக்குச் செல்வதா, பிள்ளைகளுடன் மலையிறங்கி விடுவதா என்ற முடிவு அதைப் பொறுத்தே அமையும்.

இறந்தவர்கள் யார், சுட்டவர்கள் யார், எதற்காகச் சுட்டார்கள் என்ற மூன்று கேள்விகளும் துப்பாக்கிச் சத்தம் அடங்கிய மறுநொடியே எழுகின்றன. விடை தெரிவதற்கு நாட்களோ ஆண்டுகளோ ஆகலாம். அந்த இடைவெளியை ஊகம் நிரப்புகிறது. இதற்குப் பொதுமக்களின் பொறுப்பின்மையையும் சமூக ஊடகங்களையும் மட்டும் காரணம் காட்டுவது அரசுத் தரப்பின் வழக்கம். ஆனால் இம்மலைத்தொடரின் இருபுறமும் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைப் பார்த்தால், பிழையான தகவல்களில் ஒரு பகுதி அதிகாரப்பூர்வ வட்டாரங்களிலிருந்தே கிளம்பியிருப்பது தெரிகிறது.

மஞ்சிக்கண்டியில் மாறிய பெயர்கள்

பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில், தமிழக எல்லையை ஒட்டிய மஞ்சிக்கண்டி வனப்பகுதியில் 2019 அக்டோபர் 28, 29 ஆகிய நாட்களில் கேரளக் காவல்துறையின் தண்டர்போல்ட் படையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் மாவோயிஸ்ட்டுகள் நால்வர் உயிரிழந்தனர். முதல் நாளன்று உயிரிழந்த மூவரில் இருவர் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள் என்று காவல்துறை வட்டாரங்களை மேற்கோள்காட்டிப் பெயர்களுடன் செய்தி வெளியானது. பின்னர் அப்பெயர்கள் மாற்றப்பட்டன. முதலில் இறந்ததாகக் கூறப்பட்ட பெண், 2020 மார்ச் மாதம் கோவை மாவட்டம் ஆனைகட்டிப் பகுதியில் உயிருடன் கைது செய்யப்பட்டார்.

ஒருவரது மரணச் செய்தி, அவர் உயிருடன் இருக்கும்போதே அவரது ஊருக்குச் சென்று சேர்ந்துவிட்டது. மறுபுறம், உண்மையில் உயிரிழந்தவரின் உறவினர்களுக்கு அது தங்கள் வீட்டு மரணம் என்பதே முதலில் தெரியவில்லை. உயிரிழந்தவர்களில் மணிவாசகம் உள்ளிட்டோர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால், உறவினர்கள் எல்லை தாண்டிச் சென்று உடல்களை அடையாளம் காண வேண்டியிருந்தது; உடல்களைப் பெறுவதற்கு நீதிமன்றங்களை நாட வேண்டியும் வந்தது.

நிகழ்ந்தது மோதலா, திட்டமிட்ட கொலையா என்ற சர்ச்சை அன்றே வெடித்தது. காவல்துறை தற்காப்புக்காகவே சுட்டது என்று முதலமைச்சர் பினராயி விஜயன் சட்டப்பேரவையில் விளக்கமளித்தார். ஆளும் கூட்டணியிலேயே இருந்த இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் கானம் ராஜேந்திரன், இது போலி மோதல் என்றார். ஒரே அரசின் இரு கூட்டாளிகள் இரு கதைகளைச் சொல்லும்போது, தேநீர்க் கடையில் மூன்றாவது கதை பிறப்பதைக் குறைகூற இடமில்லை.

இத்தகைய உயிரிழப்புகளில் பின்பற்ற வேண்டிய 16 நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரிலேயே வகுத்துத் தந்துள்ளது. முதல் தகவல் அறிக்கை பதிவு, தொடர்பற்ற குழுவின் விசாரணை, நீதித்துறை நடுவர் விசாரணை, உறவினருக்கு விரைவில் தகவல் தெரிவித்தல் ஆகியன அவற்றுள் அடங்கும். அடையாளம் உறுதிப்படும் வரை பெயரை வெளியிடாதிருப்பது எழுதப்பட்ட விதியாக இல்லாவிடினும், உறவினருக்குத் தகவல் என்ற நெறியின் இயல்பான பொருள் அதுவே.

"ஆம்" எனும் ஈறு உதிரும்போது

பேச்சுத் தமிழில், காதால் கேட்டதை மட்டும் சொல்வதற்கென்றே ஓர் ஈறு உண்டு. "சுட்டுட்டாங்களாம்", "ஏழு பேர் செத்துட்டாங்களாம்" என்று ஒருவர் கூறும்போது, தாம் அதை நேரில் காணவில்லை என்பதையும் சேர்த்தே கூறிவிடுகிறார். மலையாளத்தில் "அத்ரே" என்ற சொல் இதே பணியைச் செய்கிறது. தோட்டத்து வரப்பில் நடக்கும் உரையாடலில் இந்த எச்சரிக்கை இருக்கிறது. அதே தகவல் கைப்பேசியில் தட்டச்சாகும்போது "7 பேர் பலி" என்றாகிறது, ஈறு உதிர்ந்துவிடுகிறது. அடுத்து அதைப் பெறுபவருக்கு அது செய்தி.

மொழிபெயர்ப்பிலும் இதே ஆபத்து உள்ளது. மலையாள ஊடகங்கள் எழுதும் "ஏற்றுமுட்டல்" என்ற சொல்லைத் தமிழில் "மோதல்" என்று எழுதினால் இருதரப்பும் சுட்டதாகப் பொருள்படும். "சுட்டுக்கொலை" என்று எழுதினால் ஒருதரப்பே சுட்டதாகப் பொருள்படும். விசாரணை தொடங்கும் முன்பே இரண்டும் தீர்ப்பாகிவிடுகின்றன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர் என்பது மட்டுமே அன்று உறுதியாகத் தெரிந்தது.

தூத்துக்குடி: நான்கு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த விடை

தமிழகத்தின் அண்மைக்கால நினைவில் ஆழப் பதிந்திருப்பது 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு. ஸ்டெர்லைட் தாமிர உருக்கு ஆலைக்கு எதிரான போராட்டத்தின் 100ஆவது நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் பேரணியாகச் சென்ற மக்கள் மீது காவல்துறை சுட்டது. மறுநாளும் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. உயிரிழந்தோர் 13 பேர். சாதாரண உடையில், வாகனத்தின் கூரைமீது துப்பாக்கியுடன் இருந்த ஒருவரின் காணொளி அன்று மாலைக்குள் நாடெங்கும் பரவியது. அவர் யார், சுடுமாறு உத்தரவிட்டது யார் என்ற கேள்விகளுக்கு அரசிடமிருந்து உடனடி விடை வரவில்லை. வருவாய்த் துறையின் துணை வட்டாட்சியர் நிலையிலான அலுவலர்கள் உத்தரவிட்டதாக முதல் தகவல் அறிக்கை கூறுவது சில நாட்கள் கழித்தே வெளியில் தெரிந்தது.

விடைக்குப் பதிலாக வந்தது இணையத் துண்டிப்பு. வதந்திகளைத் தடுப்பதாகக் கூறி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய 3 மாவட்டங்களில் இணையச் சேவை முடக்கப்பட்டது. மருத்துவமனையில் எவர் அனுமதிக்கப்பட்டுள்ளார் என்பதை அறியத் தவித்த குடும்பங்களுக்கும் அதே முடக்கம்தான். மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் இருந்த தூத்துக்குடிக்காரர்கள் கேள்விப்பட்டதை ஊரில் விசாரித்துச் சரிபார்க்கவும் வழியில்லாமல் போனது. வதந்தி மட்டும் ஊருக்கு வெளியே தடையின்றி வளர்ந்தது. காலவரையற்ற இணைய முடக்கம் கூடாது, முடக்க உத்தரவுகள் வெளியிடப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் தீர்ப்பளித்தது.

பேரணியில் சமூக விரோதிகள் ஊடுருவியதே வன்முறைக்குக் காரணம் என்று தூத்துக்குடிக்கு நேரில் சென்ற நடிகர் ரஜினிகாந்த் கூறியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது; விசாரணை ஆணையம் பின்னர் அவருக்கு அழைப்பாணை அனுப்பியது. நிகழ்வைத் தாம் தொலைக்காட்சியைப் பார்த்தே தெரிந்துகொண்டதாக அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கூறினார். நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான அந்த ஆணையத்தின் இறுதி அறிக்கை 2022 அக்டோபர் 18 அன்று சட்டப்பேரவையில் தாக்கல் செய்யப்பட்டது. உயர் அதிகாரிகள் நிலவரத்தை உடனுக்குடன் முதலமைச்சருக்குத் தெரிவித்து வந்தனர் என்றும், தொலைக்காட்சி வழியாகவே அறிந்ததாக அவர் கூறியது சரியல்ல என்றும் அறிக்கை குறிப்பிட்டது. காவல்துறை அதிகாரிகள் 17 பேர் மீது நடவடிக்கைக்கும் பரிந்துரைத்தது.

நான்கு ஆண்டு ஐந்து மாதங்கள் கழித்து வந்த இந்த விடையைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு. 2018 மே மாதத்தில் தமக்குப் பிடித்த கதையைத் தேர்ந்துகொண்டவர்களில் பலர் இன்றும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பஹல்காமும் பிற நாடுகளும்

2025 ஏப்ரல் 22 அன்று ஜம்மு-காஷ்மீரின் பஹல்காம் அருகே பைசரன் புல்வெளியில் பயங்கரவாதிகள் சுட்டதில் 26 பேர் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்ட கடற்படை அதிகாரியும் அவரது மனைவியும் கடைசியாக எடுத்துக்கொண்டது என்று ஒரு தம்பதியின் நடனக் காணொளி லட்சக்கணக்கானோரால் பகிரப்பட்டது. அத்தம்பதி, தாங்கள் உயிருடன் இருப்பதாகத் தாங்களே மற்றொரு காணொளி வெளியிட்டுத் தெரிவிக்க நேர்ந்தது. முஸ்லிம்களையும் காஷ்மீர் மக்களையும் வெறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்த அதிகாரியின் மனைவி இணையத்தில் இழிவுபடுத்தப்பட்டார். தேசிய மகளிர் ஆணையம் அதைக் கண்டித்தது. பல மாநிலங்களில் படிக்கும் காஷ்மீர் மாணவர்கள் மிரட்டப்பட்டதாகவும் புகார்கள் எழுந்தன. நிகழ்வுக்கும் அவர்களுக்கும் இருந்த தொடர்பு, பிறந்த ஊரின் பெயர் மட்டுமே.

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 2012 டிசம்பரில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொலையாளி என்று ஊடகங்கள் முதலில் அறிவித்தது அவரது அண்ணனின் பெயரை. அப்படியொரு நிகழ்வே நடக்கவில்லை, எல்லாம் நாடகம் என்று பின்னர் பிரசாரம் செய்த அலெக்ஸ் ஜோன்ஸ், பிள்ளைகளை இழந்த குடும்பங்களுக்கு 100 கோடி டாலருக்கும் அதிகமான இழப்பீடு வழங்க வேண்டும் என 2022இல் நீதிமன்றத்தில் முடிவானது. அதற்குள் பத்து ஆண்டுகள் கடந்திருந்தன.

சாந்தன்பாறையின் அனுபவம்

இடுக்கியின் தமிழ்த் தொழிலாளர்களுக்கு வதந்தியின் விளைவைப் புரிந்துகொள்ளத் துப்பாக்கி தேவைப்படவில்லை. 2011 நவம்பரில் இடுக்கியில் உணரப்பட்ட நில அதிர்வுகளைத் தொடர்ந்து, முல்லைப் பெரியாறு அணை உடையப் போகிறது என்ற அச்சம் பரவியது. டிசம்பரில் குமுளி எல்லை கொதித்தது. தமிழகத்தில் கேரளத்தவரின் கடைகள் தாக்கப்பட்டன. கேரளத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டனர். நிகழ்ந்த தாக்குதல்கள் சில; நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்டவை பல. இரண்டையும் பிரித்தறிய வழியின்றி, உடும்பன்சோலை வட்டத் தோட்டங்களிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் குடும்பத்துடன் மலைப்பாதைகள் வழியாகத் தேனி மாவட்டத்துக்கு இறங்கினர். அணை பாதுகாப்பாக உள்ளது என்ற கருத்தை நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான உயர் அதிகாரக் குழு 2012இல் அளித்தது. 142 அடி வரை நீர் தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தீர்ப்பளித்தது. இழந்த வேலைநாட்களுக்கும் கைவிட்டுச் சென்ற உடைமைகளுக்கும் அத்தீர்ப்பில் விடை இல்லை.

அன்று அவர்களிடம் வாட்ஸ்அப் இல்லை. வாய்மொழியே போதுமானதாக இருந்தது. எனவே கருவியைத் தடைசெய்வது தீர்வாகாது.

சட்டத்தின் வழியாக ஒடுக்குவதிலும் எல்லை உண்டு. பொது அமைதியைக் குலைக்கும் பொய்த் தகவலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆவது பிரிவு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. கேரள அரசு 2020 நவம்பரில் காவல் சட்டத்தில் 118ஏ என்ற பிரிவை அவசரச் சட்டத்தின் மூலம் சேர்த்தது. கருத்துச் சுதந்திரத்தைப் பறிக்கும் என்ற கடும் எதிர்ப்பால், சில நாட்களிலேயே அதை விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

இதற்கு மாறான முன்னுதாரணம் ஒன்று தமிழகத்திலேயே உள்ளது. பிகார் மாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கிக் கொல்லப்படுவதாக 2023 மார்ச் மாதத் தொடக்கத்தில் தொடர்பற்ற காட்சிகளுடன் வதந்தி பரவியபோது, மாநிலக் காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு உடனடியாக மறுத்துக் காணொளி வெளியிட்டார். அதிகாரிகள் தொழிற்கூடங்களுக்கே சென்று தொழிலாளர்களைச் சந்தித்தனர். இந்தி மொழியில் விளக்கங்களும் உதவி எண்களும் வழங்கப்பட்டன. பிகார் அரசின் குழுவும் வந்து பார்வையிட்டது. வழக்குகளும் கைதுகளும் இருந்தன. ஆனால் அச்சத்தைத் தணித்ததில் பெரும்பங்கு, அஞ்சியவர்களின் மொழியிலேயே, அவர்கள் ஊரின் அதிகாரிகள் முன்னிலையில் பேசப்பட்டதற்கே உரியது.

அந்த மொழி வசதி இடுக்கியில் தமிழருக்கும் சட்டப்படி உண்டு. தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசுடன் தங்கள் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழிவகுத்துள்ளது. மனு எழுதுவதற்குக் கிடைத்துள்ள இந்த உரிமை, நெருக்கடி நேரத்து அறிவிப்புகளில் எதிரொலிப்பது குறைவு. காவல்துறையின் அவசர விளக்கங்கள் பெரும்பாலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலுமே வெளியாகின்றன. அவை தமிழாகித் தோட்டத்தை அடையும்போது, வதந்தி அங்கு ஓர் இரவைக் கழித்திருக்கும்.

தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் தேர்தல் காலங்களில் எல்லைப்புற ஒருங்கிணைப்புக் கூட்டம் நடத்துவது வழக்கம். கஞ்சா, மதுபானக் கடத்தல், சோதனைச் சாவடிகள், இரட்டை வாக்குப்பதிவு ஆகியவை அங்கு பேசப்படுகின்றன. உறுதியாகத் தெரிந்தவை, இன்னும் தெரியாதவை, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு என்ற மூன்று வரிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரே நேரத்தில் வெளியிடும் ஏற்பாட்டுக்குத் தனிச் சட்டமோ பெரும் நிதியோ வேண்டியதில்லை. போடிமெட்டுச் சாவடியிலும் சாந்தன்பாறை காவல் நிலையத்திலும் இரு மொழியும் அறிந்த காவலர் ஒருவரைப் பணியில் வைத்தாலே அதைத் தொடங்கிவிடலாம்.